பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரைச் சோதித்தது யார்?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கடைக்கு அரிசி வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? மூட்டையின் வாயைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவோமா? குத்தூசியை உள்ளே விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்க்கிறோம். ஒரு மூட்டை அரிசிக்கு இவ்வளவு கவனம்! பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளை அன்றாடம் குடிக்கும் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தது யார்? இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் கேட்காததால், கேட்டவர்களையும் மதிக்காததால், ஓர் ஊர் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளிண்ட் என்று ஓர் ஊர். சுமார் ஒரு லட்சம் மக்கள். அவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். ஒரு காலத்தில் கார் தொழிலில் கொடிகட்டிப் பறந்த ஊர். தொழிற்சாலைகள் மூடப்பட்டதும் நொடித்துப் போனது. நகராட்சி கடனில் மூழ்கியது என்று சொல்லி, மாநில அரசு அவசர நிர்வாகி ஒருவரை அனுப்பி வைத்தது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மேயரும் இருந்தார், நகர மன்றமும் இருந்தது. அதிகாரம்தான் அவர்களிடம் இல்லை! இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நடந்தது வெறும் குழாய்க் கோளாறு அல்ல.

அதுவரை டெட்ராய்ட் நகரிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டு, ஃபிளிண்ட் ஆற்றுத் தண்ணீரைத் திறந்து விட்டார்கள். அந்த ஆற்று நீர் குழாயை அரிக்கும் தன்மை கொண்டது. அரிப்பைத் தடுக்க பாஸ்பேட் மருந்து கலக்க வேண்டும். அது குழாயின் உட்புறத்தில் மெல்லிய படிவமாக ஒட்டிக்கொண்டு, காரீயம் தண்ணீரில் கலக்காமல் காக்கும். அந்த மருந்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 டாலர்தான் ஆகியிருக்கும் என்று பின்னால் கணக்குச் சொன்னார்கள். அதைக் கலக்கவில்லை!

தண்ணீர் நிறம் மாறியது, நாற்றம் அடித்தது. மக்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்க் கூட்டங்களில் காட்டினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று சொல்லித் தன் தொழிற்சாலைக்கு வேறு இடத்துத் தண்ணீரை வாங்கிக்கொண்டது. அதற்கு அனுமதியும் கிடைத்தது. இரும்புக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட தண்ணீரைப் பிள்ளைகள் அதற்குப் பிறகும் ஓராண்டு குடித்தார்கள், சகோதரர்களே!

சோதனையே நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடந்தது. 2015-இன் முதல் பாதியில் 71 வீடுகளில் தண்ணீர் எடுத்தார்கள். கணக்குப் போட்டால் ஊர் வரம்பைத் தாண்டியது. உடனே மாநில அதிகாரிகள் இரண்டு மாதிரிகளைக் கணக்கிலிருந்து நீக்கச் சொன்னார்கள். இரண்டுமே காரீயம் மிகுந்தவை. ஊர் ‘பாஸ்’ ஆகிவிட்டது! பேரேட்டிலிருந்து இரண்டு சீட்டைக் கிழித்தால் நஷ்டம் லாபமாகிவிடும் என்பது நமக்குத் தெரியாதா?

கடைசியில் உண்மையை வெளியே கொண்டு வந்தவர்கள் ஊர்த் தாய்மார்களும், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் குழுவும், குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அத்திஷாவும்தான். ஈராக்கியக் குடும்பத்திலிருந்து வந்த அந்த அம்மையார், தம் மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டினார். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் இரத்தத்தில் காரீயம் கூடியிருந்தவர்கள் 100-க்கு 2.4 பேர் என்றிருந்தது 4.9 ஆகியிருந்தது. 2015 செப்டம்பர் 24 அன்று நிருபர்களை அழைத்துச் சொன்னார். முதலில் அதிகாரிகள் அவரை மறுத்தார்கள்; சில நாட்களில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அதன் பிறகுதான் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். ஒரு லிட்டரில் 15 மைக்ரோகிராம் என்பது அப்போது அங்கே நடவடிக்கைக்கான அளவாக இருந்தது. ஃப்ரீமன் தொடக்கப்பள்ளியில் 101! அக்டோபர் 16 அன்று டெட்ராய்ட் தண்ணீர் திரும்ப வந்தது. ஆனால் பிள்ளையின் உடம்புக்குள் போனது போனதுதானே? பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு காரீயத்தை நான்கைந்து மடங்கு உறிஞ்சும். அது மூளையைத் தாக்கும். கவனமும் படிப்பும் கெடும். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வீட்டைவிடப் பள்ளியில் ஏன் கூடுதல் கவலை? மாலையில் மணி அடித்தால் குழாய் மூடப்படும். வெள்ளிக்கிழமை மூடிய குழாயில் திங்கட்கிழமை வரை தண்ணீர் அசையாமல் நிற்கும். நிற்க நிற்கக் காரீயம் ஊறும். முதலில் ஓடி வந்து வாய் வைக்கிற பிள்ளைக்குத்தான் அதிகம் போகும். எனவே காலையில் யாரும் குழாயைத் தொடுவதற்கு முன், வரும் முதல் 250 மில்லியைப் பிடிக்க வேண்டும். ‘சிறிது நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள்’ என்று யாராவது சொன்னால், அது சோதிக்கச் சொல்லும் பேச்சல்ல. மறைக்கச் சொல்லும் பேச்சு. ஒரு பள்ளிக்கு ஒரு குழாய் என்பதும் போதாது. பக்கத்துப் பக்கத்துக் குழாய்களிலேயே அளவு வேறுபடும்.

அமெரிக்காவில் சட்டம் இல்லையா என்றால், 1988-இல் ஒன்று வந்தது. பள்ளிகளில் சோதனைக்கு மாநிலங்கள் திட்டம் போட வேண்டும் என்றார்கள். மாநிலங்களை அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஃபிளிண்டுக்குப் பிறகு, 2016-இல் நியூயார்க் மாநிலம்தான் முதன்முதலாக அரசுப் பள்ளிகளில் கட்டாயமாக்கியது. மிச்சிகன் மாநிலமே பள்ளிகளில் வடிகட்டி பொருத்தச் சட்டம் போட்டது 2023-இல்!

இனி வணிகர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறோம். பாட்டிமார்கள் ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம். அதை வைத்து ‘ஈயம் என்ன செய்யும்’ என்று வாதாட வேண்டாம். நாம் பேசுவது காரீயம். மலிவான பித்தளைக் குழாயில் அது கலந்திருக்கும். அமெரிக்காவிலேயே 2014 வரை 100-க்கு 8 பங்கு காரீயம் கலந்ததைக்கூட ‘காரீயம் அற்றது’ என்று முத்திரை போட்டு விற்கலாம் என்றிருந்தது! பி.வி.சி. குழாயிலும் வெப்பம் தாங்குவதற்காகக் காரீய உப்பைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. இந்திய அரசு 2021-இல்தான் அதற்கு விதி போட்டது. பழைய கட்டடங்களில் பழைய குழாய்தானே இருக்கிறது? குடிநீரில் காரீயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அமைவனத்தின் வரம்பு. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் வற்ற, காரீயம் அப்படியே மிஞ்சும்.

இளைஞர்களே, உங்கள் பகுதியில் நீங்கள் படித்த பள்ளி எது? அதில் எத்தனை குடிநீர்க் குழாய்கள், எந்த ஆண்டு போட்டவை, கடைசியாகத் தண்ணீர் சோதிக்கப்பட்டது எப்போது, அதில் காரீயமும் பார்க்கப்பட்டதா என்று தலைமையாசிரியரிடம் மரியாதையோடு கேளுங்கள். பெரும்பாலும் உப்பையும் கிருமியையும் மட்டும் பார்த்த தாளைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். காரீயத்துக்குத் தனியாகக் கேட்க வேண்டும். சோதனைக் கட்டணத்தை அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவர்கள் பகிர்ந்துகொள்ளலாம். வரும் திங்கட்கிழமை காலையில், பள்ளி மணி அடிப்பதற்கு முன் பாட்டிலோடு போகத் தயாராக இருப்பவர்கள் இங்கேயே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.