நம் ஆங்கிலத்துக்குள் இருக்கும் தமிழ்

(கோலார் தங்க வயலில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில், ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஆங்கில வாக்கியங்களில் வரும் பிழைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இலக்கணமா என்று முதலில் தயங்கினேன். ஆனால் இதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையை ஏற்றது முதல் ஆங்கிலம்தான் இங்கே ஆபீஸ் பாஷை. துரைமார் பங்களாக்களையும் கிளப்பையும் பார்த்து 'லிட்டில் இங்கிலாந்து' என்றே ஊரை அழைத்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களோ பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். மேலே ஆங்கிலம், பூமிக்குள்ளே தமிழ். நாம் எழுதுகிற ஆங்கில வாக்கியமும் ஏறக்குறைய அப்படித்தான்.

விடைத்தாள் திருத்தியே கண் மங்கியவன் நான். பெரும்பாலான பிழைகள் அறியாமையால் வருவதில்லை. தமிழில் சரியாக உள்ள ஒன்றை அப்படியே ஏற்றிவிடுகிறோம். 'இதைப் பற்றி விவாதிப்போம்' என்கிறோம். உடனே 'டிஸ்கஸ் எபௌட்' வந்துவிடுகிறது. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் 'பற்றி' அடங்கியிருக்கிறது, 'எபௌட்' வேண்டாம். அதேபோல 'சொன்னார்' என்று நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் 'டோல்ட்' போட்டால் யாரிடம் என்று உடனே சொல்லியாக வேண்டும். 'ஹி டோல்ட் தட்' என்பது தவறு. 'ஹி டோல்ட் மீ தட்' அல்லது 'ஹி செட் தட்' என்று எழுத வேண்டும்.

ஒருமை பன்மையிலும் இதே கதைதான். வீட்டில் 'மாடு வந்துடுத்து' என்போம், 'மாடெல்லாம் வந்துடுத்து' என்றும் சொல்வோம். வினைச்சொல் மாறுவதில்லை. அந்தப் பழக்கத்தில் ஆங்கில வினைச்சொல்லையும் கவனிக்காமல் விடுகிறோம். 'தி லிஸ்ட் ஆஃப் புக்ஸ் ஆர் ரெடி' என்று எழுதிய பையனிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ரெடியாக இருப்பது எது? லிஸ்ட். அது எத்தனை? ஒன்று. அப்புறம் அவனே 'இஸ்' என்று திருத்திக்கொள்வான்.

தமிழ் நமக்கு விரோதி என்று நினைத்துவிடாதீர்கள். 'ஐ டிட் நாட் வென்ட்' என்று எழுதுகிற குழந்தையிடம், 'போனவில்லை' என்று யாராவது சொல்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். 'போகவில்லை' என்கிறோம் அல்லவா? இறந்த காலத்தை அங்கே போட மாட்டோம். 'டிட் நாட்'டுக்குப் பிறகு 'கோ' வருவதும் அதே மாதிரிதான். ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தில் இந்த விளக்கம் கிடைக்காது. (அந்த ரென் துரை 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவல் எழுதிப் பெரும் புகழ் பெற்றவர் என்று சொன்னால் என் மாணவர்கள் நம்பவே மாட்டார்கள்.)

இனி என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு இங்கே சுரங்கம் மூடப்பட்டது உங்களுக்குத் தெரியும். சில மாதம் கழித்து ஒரு தொழிலாளி தன் மகனோடு என் வீட்டுக்கு வந்தார். பையன் பெங்களூரில் வேலைக்கு விண்ணப்பம் எழுதியிருந்தான். அதில் ஒரு வரி: 'மை ஃபாதர் இஸ் வொர்க்கிங் இன் தி மைன்ஸ் சின்ஸ் ட்வென்டி எயிட் இயர்ஸ்.' வகுப்பில் ஆயிரம் முறை திருத்திய வாக்கியம். '28 வருஷமா வேலை செய்யறார்' என்பதன் நேர் நகல். 'சின்ஸ்' என்றால் தொடங்கிய வருஷத்தைச் சொல்ல வேண்டும், கால அளவுக்கு 'ஃபார்'. 'இஸ் வொர்க்கிங்' போய் 'ஹேஸ் பீன் வொர்க்கிங்' வர வேண்டும். சிவப்பு மையில் திருத்தித் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சார், 'ஹேஸ் பீன்'னா இன்னும் வேலை செய்யறார்னு தானே சார் அர்த்தம்? மைன்ஸ்தான் மூடிட்டாங்களே."

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. இலக்கணம் சரி, வாக்கியம் பொய். நானே கற்றுக்கொடுத்த விதியைத்தான் அவன் எனக்கு ஞாபகப்படுத்தினான். அடித்துவிட்டு, 'வொர்க்ட் ஃபார் ட்வென்டி எயிட் இயர்ஸ்' என்று எழுதினேன். ஆங்கிலம் தெரியாத அந்தத் தகப்பனார், "என்னப்பா மாத்துறாரு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லப்பா, நீ வேலை செஞ்சது முடிஞ்சிடுச்சுன்னு எழுதறாரு" என்றான் பையன். அவர் தலையை ஆட்டினார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

அன்றிலிருந்து நான் கடிதம் திருத்தும் முறை மாறிவிட்டது. முதலில் வினைச்சொற்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போவேன். யார் செய்தது, எப்போது, இன்னும் நடக்கிறதா என்று எழுதியவரிடமே தமிழில் கேட்பேன். பதில் வந்த பிறகுதான் பேனாவைத் திறப்பேன். 'ஏ', 'தி' எல்லாம் அதற்குப் பிறகு. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் விண்ணப்பம் எழுதினால் இப்படி ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். கம்ப்யூட்டர் பச்சைக் கோடு, நீலக் கோடு போட்டு எத்தனையோ பிழைகளைக் காட்டிக்கொடுக்கிறது, நல்லதுதான். ஆனால் சுரங்கம் மூடிவிட்டது என்று அதற்கு யார் சொல்வது?

மாமி வாசலில் நின்று சைகை காட்டுகிறார், காபி ஆறுகிறது போலிருக்கிறது. பையில் கடிதம், விண்ணப்பம் ஏதாவது வைத்திருப்பவர்கள் அங்கேயே எடுத்து வாருங்கள், பார்த்துவிடலாம்.