உச்சி உடைந்த கோபுரம்



பெர்லின் நகரத்தின் மேற்குப் பகுதியில், உயிரியல் பூங்கா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால், உச்சி உடைந்த கற்கோபுரம் ஒன்று தெரியும். கைசர் வில்ஹெல்ம் நினைவு ஆலயம் என்று அதற்குப் பெயர். யாருக்காகக் கட்டினார்களோ அந்தப் பேரரசரை, அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் நினைப்பதே இல்லை. அப்படியும் அது நினைவுச் சின்னமாகத் தோற்றுப்போகவில்லை. எப்படி என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

1871இல் ஒன்றுபட்ட ஜெர்மனிக்கு முதல் பேரரசரானவர் முதலாம் வில்ஹெல்ம். 1888இல், தொண்ணூறு வயதில் காலமானார். அதே ஆண்டில் பட்டத்துக்கு வந்த பேரன் இரண்டாம் வில்ஹெல்ம், தாத்தாவின் பெயரில் ஆலயம் எழுப்ப முனைந்தார். மறைந்த அரசர்களுக்கு எழுப்பிய பள்ளிப்படைக் கோயில்களைத் தெரிந்த நமக்கு இது புதிய செய்தி அல்ல. போனவருக்கு மரியாதை, கட்டுகிறவருக்குப் பெருமை. கூடவே கொஞ்சம் கணக்கும் இருந்தது. தொழிலாளர் கூட்டம் பெருகி, சோஷலிசம் வேர்விட்டுக்கொண்டிருந்த ஊர் பெர்லின். ஆலயங்கள் பெருகினால் ஜனங்கள் அடங்கி நடப்பார்கள் என்று அரண்மனை நம்பியது. அடிக்கல் நாட்டியது 1891 மார்ச் 22, தாத்தாவின் பிறந்த நாளன்று. பிரதிஷ்டை நடந்தது 1895 செப்டம்பர் 1. மறுநாள், பிரான்ஸைத் தோற்கடித்த செடான் போரின் வெற்றி நாள். நாள் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள்.

கட்டடக் கலைஞர் பிரான்ஸ் ஷ்வெஹ்டன். ரைன் நதிக்கரையின் பழைய ரோமனெஸ்க் பாணி ஆலயங்களை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, 113 மீட்டர் உயரத்துக்குப் பிரதான கோபுரத்தை எழுப்பினார். அன்றைக்கு அந்த ஊரில் அதைவிட உயரமான கோபுரம் கிடையாது. வாசல் மண்டபத்தில் பொன்னும் நீலமுமாக மொசைக் ஓவியங்கள். அவற்றில் ஒன்றில், பேரரசர் பிறந்த பிரஷ்ய அரச குடும்பத்து முன்னோரும் வாரிசுகளும் வரிசைகட்டிச் சிலுவையை நோக்கி நடக்கிறார்கள். வேலைப்பாடு அபாரம்; பக்தியைவிடக் குடும்பப் பெருமைதான் தூக்கலாகத் தெரிகிறது. குண்டு விழாமல் இருந்திருந்தால், இதைப் பற்றி இன்று உரை நிகழ்த்த யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில், 1943 நவம்பர் 22 இரவு தொடங்கிய விமானத் தாக்குதலில் ஆலயம் பற்றி எரிந்தது. கூரை போயிற்று, கோபுரத்தின் உச்சி முறிந்தது. போர் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேல் அந்த இடிபாடு அப்படியே நின்றது. பெர்லின்காரர்கள் அதற்குச் ‘சொத்தைப் பல்’ என்று பட்டப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

புதிய ஆலயத்துக்காக 1957இல் நடந்த போட்டியில் வென்றவர் கட்டடக் கலைஞர் எகோன் ஐயர்மன். இடிபாட்டை முழுக்க அகற்றிவிட்டுப் புதிதாகக் கட்டுவது அவருடைய திட்டம். ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. பத்திரிகைகளுக்கு எதிர்ப்புக் கடிதங்கள் வந்து குவிந்தன. சாமி கும்பிட ஒரு நாளும் அந்தப் பக்கம் போகாதவர்களும் அந்த உடைந்த கோபுரத்தை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். கடைசியில் சமரசம்: 71 மீட்டர் உயர இடிபாடு நடுவில் நிற்கும், ஒரு பக்கம் எண்கோண ஆலயம், மறுபக்கம் அறுகோண மணிக்கூண்டு. இங்கிலாந்தின் கவன்ட்ரியில் குண்டுக்கு இரையான பேராலயத்தைப் புதுப்பிக்க வந்த பேசில் ஸ்பென்ஸ், இடிபாடு இருக்கட்டும் என்று தாமே முடிவெடுத்தார். ஐயர்மனுக்கு அந்த முடிவை ஊர்தான் எடுத்துக்கொடுத்தது. வேண்டாவெறுப்பாகச் செய்த வேலை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பழையதோடு ஒட்டாமல், அதைப்போல நடிக்காமல், புதியதை விலக்கி நிறுத்தினார் பாருங்கள், அங்கேதான் அவருடைய கைத்திறன் இருக்கிறது.

புதிய ஆலயம் 1961 டிசம்பர் 17 அன்று பிரதிஷ்டையானது. ஊரைக் குறுக்கே பிரித்த சுவர் எழும்பிய அதே ஆண்டு. பகலில் வெளியே நின்று பார்த்தால் ஒன்றுமில்லை. சாம்பல் நிறக் கான்கிரீட் சட்டங்கள், மங்கிய கண்ணாடி. ‘லிப்ஸ்டிக்கும் பவுடர் டப்பாவும்’ என்று ஊர்க்காரர்கள் கேலி செய்ததில் தப்பில்லை. உள்ளே காலெடுத்து வைத்ததும் கேலி அடங்கிவிடும். நாற்புறமும் நீலம். பிரான்ஸில் ஷார்த்ர் நகரத்துக் கண்ணாடிக் கலைஞர் கப்ரியேல் லுவார் செய்த 20,000க்கும் மேற்பட்ட சதுரக் கட்டங்கள் அவை. கனமான வண்ணக் கண்ணாடியைச் சுத்தியலால் உடைத்து, துண்டுகளைக் கான்கிரீட்டில் பதித்திருக்கிறார். உடைந்த விளிம்புகளில் சில்லு பெயர்ந்த இடமெல்லாம் ஒளி சிதறும். நீலத்துக்கு நடுவே அங்கங்கே சிவப்பு, பச்சை, மஞ்சள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு கட்டம் போல இன்னொன்று இல்லை. சுவரும் ஒன்றல்ல, இரண்டு; இடையில் ஓர் ஆள் தாராளமாக நடந்துபோகிற இடைவெளி. சாலை இரைச்சல் அங்கேயே தேய்ந்துவிடுகிறது. இருட்டியபின் அந்த இடைவெளியில் விளக்குகள் எரியும், ஆலயம் வெளியே நீலமாக ஒளிரும். பிரான்ஸைப் போரில் தோற்கடித்ததைக் கொண்டாடிய ஆலயத்துக்கு, அதே பிரான்ஸிலிருந்து கண்ணாடி வந்தது என்பதையும் கவனியுங்கள்.

உள்ளே கரித்துண்டு ஓவியம் ஒன்று இருக்கிறது. ஸ்டாலின்கிராடில் சிக்கிக்கொண்ட ஜெர்மானியப் படையோடு இருந்த குர்ட் ராய்பர், 1942 கிறிஸ்துமஸுக்காக ஒரு ரஷ்ய வரைபடத்தின் பின்புறத்தில் வரைந்தது. மேலாடைக்குள் குழந்தையைப் பொத்தி அணைத்த தாய். ராய்பர் போதகர், மருத்துவரும்கூட. படம் தப்பி வந்தது. அவர் 1944இல் ரஷ்யச் சிறைமுகாமில் இறந்தார். அந்தப் படத்தின் பிரதிகள் இன்று கவன்ட்ரியிலும், முன்பு ஸ்டாலின்கிராடாக இருந்த வோல்கோகிராடிலும் உண்டு. மண்டபத்தின் அரச ஊர்வலத்தைவிட இந்தக் காகிதத்தின் முன்தான் ஜனங்கள் அதிக நேரம் நிற்பார்கள் என்றால் அதில் ஆச்சரியமில்லை.

2016 டிசம்பர் 19 அன்று, ஆலயத்தை ஒட்டி நடந்த கிறிஸ்துமஸ் சந்தைக்குள் ஒரு பயங்கரவாதி லாரியை ஓட்டி வந்து நடத்திய தாக்குதலில் 13 பேர் உயிரிழந்தார்கள். ஆலயத்தின் படிக்கட்டிலேயே அவர்களுடைய பெயர்களைப் பொறித்து, படிகளின் குறுக்கே பொன்னிறத்தில் ஒரு விரிசலை ஓடவிட்டிருக்கிறார்கள். புதிதாக ஒரு தூண் எழுப்பாதது நல்ல முடிவு.

பெர்லின் போகிற வாய்ப்புள்ள நேயர்கள் இந்த ஆலயத்தை இரண்டு தடவை பாருங்கள். வெயில் இருக்கும்போது உள்ளே, இருட்டியபிறகு வெளியே. டிசம்பரென்றால் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், அதிகம் காத்திருக்க வேண்டாம். இடைப்பட்ட நேரத்தில் பழைய கோபுரத்தின் மண்டபத்துக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். மொசைக்கில் விரிசல் ஓடுகிற இடத்தை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.