உங்கள் கடவுச்சொற்கள் எங்கே இருக்கின்றன?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையைக் கூடுமானவரை மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பும் பேசி முடித்த களைப்பில் இருக்கிறீர்கள். செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘சைபர் பாதுகாப்பு’. அது பெரிய கடல். நான் அதில் ஒரு செம்பு தண்ணீர் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம்முடைய பாஸ்வேர்டுகளையும் ஆதார், பான், பாலிசி போன்ற காகிதங்களின் நகல்களையும் எங்கே வைப்பது என்பதுதான் அது.

இப்போது எங்கே வைத்திருக்கிறோம்? கை தூக்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். ஏடிஎம் பின் நம்பரை ‘ஏடிஎம் மாமா’ என்று ஒரு பெயர் போட்டு, பத்து இலக்க போன் நம்பருக்குள் ஒளித்து வைப்பது நம் ஊரில் ரொம்பப் பழைய வித்தை. போனைத் திருடுகிறவருக்கும் அந்த வித்தை தெரியும். அது போகட்டும், எத்தனை ஆப்களுக்கு ‘காண்டாக்ட்ஸ் பார்க்கலாம்’ என்று அனுமதி கொடுத்திருக்கிறோம்? மாமாவும் அவற்றோடு சேர்ந்து வெளியே போய்விடுகிறார். இன்னும் சிலர் வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே மெசேஜ் அனுப்பி வைத்துக்கொள்கிறார்கள். சிலர் டைரியில் எழுதுகிறார்கள்.

டைரியை நான் குறை சொல்ல மாட்டேன். அதைத் திருட ஒருவர் வீட்டுக்குள் வர வேண்டும். ரஷ்யாவில் உட்கார்ந்துகொண்டு எடுக்க முடியாது. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. தரைத்தளத்தில் இருப்பவர்களைக் கேளுங்கள், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த காகிதங்கள் என்ன ஆயின என்று சொல்வார்கள்.

அடுத்தது ஆதார். இணையத்தில் இறக்கிக்கொள்ளும் இ-ஆதார் கோப்புக்கு பாஸ்வேர்டு இருக்கிறது, அதனால் யாருக்கு அனுப்பினாலும் பயமில்லை என்று நினைக்கிறோம். அந்த பாஸ்வேர்டு என்ன? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், பிறகு பிறந்த வருடம். எல்லோருக்கும் இதே விதிதான், ஆதார் இணையதளமே சொல்கிறது. உங்கள் பெயர் தெரிந்தவருக்கு மீதி என்ன வேண்டும்? வருடம் ஒன்றுதான். அதிகபட்சம் நூறு தடவை முயன்றால் போதும். வங்கி ஸ்டேட்மென்டுகள் பலவற்றிலும் பெயர், பிறந்த தேதி என்று இதே சூத்திரம்தான். இது பூட்டு இல்லை, கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்தக் கோப்பை நாம் ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பிரின்ட் எடுத்ததும் காசு கொடுத்துவிட்டு வருகிறோம். கோப்பு அந்தக் கடை கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தக் கம்ப்யூட்டரில் நாளை யார் உட்காருவார்? அதனால், கேட்கிற இடத்தில் ஏற்றுக்கொண்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற ‘மாஸ்க்டு’ ஆதாரைக் கொடுங்கள். அதே இணையதளத்தில் கிடைக்கிறது.

சரி, நிஜமான பூட்டு எது? குறியாக்கம் என்று சொல்கிறார்களே, அதுதான். கோப்பில் உள்ள எழுத்துகளை ஒரு சாவியை வைத்துக் கலைத்துப்போடுவது. சாவி இல்லாதவருக்கு அது வெறும் குப்பை. இப்போது உலகம் முழுக்கப் பயன்படும் முறைக்கு ஏஇஎஸ் என்று பெயர். பெல்ஜியம் நாட்டுக்காரர் இருவர் உருவாக்கியதை, வெளிப்படையான போட்டி வைத்து, 2001-ல் அமெரிக்க அரசு தரமாக அறிவித்தது. முறை என்ன என்பது யாருக்கும் ரகசியமில்லை, புத்தகத்திலேயே இருக்கிறது. ரகசியம் சாவி மட்டும்தான்.

இதை வீட்டுக்குக் கொண்டுவரும் மென்பொருள்களில் நான் சிபாரிசு செய்வது கீபாஸ் குடும்பம். 2003-லிருந்து இருக்கிறது, இலவசம், மூல நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டு போனில் கீபாஸ்டிஎக்ஸ். உங்கள் பாஸ்வேர்டுகள் எல்லாம் ஒரே ஒரு கோப்பாக, ஒரு பெட்டகமாக, உங்களிடமே இருக்கும். ஆதார், பான் ஸ்கேன்களையும் அதற்குள்ளேயே இணைத்து வைக்கலாம். பெரிய கோப்புகள், பத்திரங்கள், மருத்துவ அறிக்கைகள் என்று நிறைய இருந்தால் வெராகிரிப்ட் என்று இன்னொன்று இருக்கிறது. பென் டிரைவையே முழுதாகப் பூட்டிவிடும். பல கருவிகளில் ஒரே பெட்டகம் தானாகப் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பவர்களுக்கு பிட்வார்டன் போன்ற இணைய சேவைகள் வசதி. இவை எதுவும் வேண்டாம், கூகுள் குரோமிலேயே சேமிக்கிறேன் என்றால், காண்டாக்ட் மாமாவைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் உங்கள் போனின் பின் நம்பர் தெரிந்த பேரன் அத்தனையையும் பார்த்துவிடலாம்.

“எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால், அதையே தூக்கிக்கொண்டு போனால்?” என்று போன வாரம் வாக்கிங்கில் ஒரு சார் கேட்டார். நல்ல கேள்வி. நிஜமாகவே நடந்திருக்கிறது. லாஸ்ட்பாஸ் என்ற பெரிய நிறுவனத்தில் 2022-ல் திருடர்கள் நுழைந்து, வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் நகல்களை எடுத்துப் போய்விட்டார்கள். உள்ளே இருந்த பாஸ்வேர்டுகள் குறியாக்கத்தில் இருந்தன. எந்தெந்த இணையதளம் என்ற முகவரிகள் பூட்டாமல் கிடந்தன. நீளமான மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்திருந்தவர்களின் பெட்டகத்தை உடைப்பது நடக்கிற காரியம் இல்லை. சின்னதாக, எளிதாக வைத்திருந்தவர்களுக்குத்தான் ஆபத்து. திருடன் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாக ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கலாம் அல்லவா? வங்கி மாதிரி மூன்று தடவை தப்பானால் முடக்குவதற்கு அங்கே யாரும் இல்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன். கீபாஸில், பெட்டகத்தைத் திறக்கும் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு விநாடி எடுக்கும்படி அமைக்கலாம். நமக்கு அது தொந்தரவே இல்லை. நான்கு இலக்க எண்ணை மாஸ்டர் பாஸ்வேர்டாக வைத்தால் மொத்தம் பத்தாயிரம் வாய்ப்புகள். ஒரு விநாடிக்கு ஒன்று என்றாலும் மூன்று மணி நேரத்துக்குள் திறந்துவிடும். அதற்குப் பதில், 7,776 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து தாயக்கட்டை உருட்டுகிற மாதிரி ஆறு சொற்களைத் தேர்ந்தெடுத்தால், வாய்ப்புகளின் எண்ணிக்கை 24 இலக்கத்துக்குப் போகிறது. அவ்வளவையும் முயன்று பார்க்க யாருக்கும் ஆயுள் போதாது.

நாம் தமிழ்ச் சொற்களையே வைக்கலாம், ஆங்கில எழுத்தில் தட்டினால் போதும். அகராதியை ஆறு தடவை கண்ணை மூடிக்கொண்டு திறந்து, விரல் பட்ட சொல்லை எடுங்கள். முறம், ரசீது, கொக்கு, சுண்ணாம்பு, ஏணி, தவில், இப்படி. இதையே வைத்துவிடாதீர்கள், இப்போது ஹால் முழுக்கத் தெரியும். சினிமாப் பாட்டு, குறள், குலதெய்வத்தின் பெயர், பேத்தி பிறந்த நாள் எல்லாம் வேண்டாம். நமக்குப் பிடித்தது எது என்று ஊருக்கே தெரியும்.

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு முக்கியம். இந்தப் பெட்டகத்துக்கு ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ கிடையாது. ஓடிபி வராது. கஸ்டமர் கேர் இல்லை. மறந்தால் போனது போனதுதான். நம் குடியிருப்பில் பெரும்பாலானோர் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். பூட்டு எவ்வளவு நல்லதோ, அவ்வளவுக்கு அது நம் குடும்பத்தையும் வெளியே நிறுத்திவிடும். அதனால் மாஸ்டர் பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். ஆமாம், காகிதத்தில்தான். உறையில் ஒட்டி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, பேங்க் லாக்கரிலோ பீரோவின் மேல்தட்டிலோ வையுங்கள். பெட்டகக் கோப்பின் நகல் வேறு இடத்தில் இருக்கட்டும்: ஒரு பென் டிரைவிலும் கூகுள் டிரைவிலும் ஒவ்வொன்று. காகிதமும் பென் டிரைவும் ஒரே உறையில் வேண்டாம்.

உங்களுக்கு ஏதாவது ஆனால் அதை எடுக்க வேண்டியவர் யார் என்று அவரிடம் இப்போதே சொல்லுங்கள். பல வீடுகளில் பணக் கணக்கு முழுக்க ஒருவர் தலையில் இருக்கிறது. பெரும்பாலும் சார் தலையில். எந்த வங்கியில் டெபாசிட், எந்த ஃபண்டில் எஸ்ஐபி, பாலிசி எண் என்ன, நாமினி யார் என்று மனைவிக்குத் தெரியாது. இங்கே ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒருவர் இறந்த பிறகு அவருடைய நெட்பேங்கிங்கில் நுழைந்து பணத்தை மாற்றுவது தவறு. நாமினி, வாரிசு என்று முறைப்படிதான் கேட்க வேண்டும். ஆகவே வீட்டில் இருப்பவருக்குத் தேவைப்படுவது வங்கி பாஸ்வேர்டு இல்லை, எங்கே என்ன இருக்கிறது என்ற பட்டியல். அந்தப் பட்டியலைப் பெட்டகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். யுபிஐ, ஏடிஎம் பின் நம்பர்களை நினைவிலேயே வைத்துக்கொள்ளுங்கள், எழுதவே வேண்டாம்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. செயலாளர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு எக்ஸெல் இருக்கிறது. எல்லா வீட்டுக்காரர்களின் போன் நம்பர், வண்டி நம்பர், வாடகைக்கு இருப்பவர் விவரம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் நம்பர், எல்லாம் அதில். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். வீட்டு வேலைக்கு வருகிறவர்களின் ஆதார் நகல்கள் பக்கத்தில் ஒரு திறந்த அலமாரியில். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டோம். நிர்வாகக் குழு மாறும்போதெல்லாம் அந்த எக்ஸெல் இன்னொருவர் லேப்டாப்புக்குப் போகிறது; பழையவர் லேப்டாப்பிலும் தங்கிவிடுகிறது. இதையும் ஒரு பெட்டகத்தில் போட்டு, செயலாளர், பொருளாளர் இருவர் மட்டும் திறக்கிற மாதிரி வைத்து, குழு மாறும் நாளில் மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். பழைய நகல்களை அழித்துவிட்டோம் என்று பொறுப்பை ஒப்படைக்கும் கடிதத்தில் ஒரு வரி எழுதி வாங்கினால் போதும். ஆதார் நகல் ஃபைலைத் தேவையில்லாதவரை கிழித்துப் போட்டுவிடலாம்.

வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் காலை பத்து மணிக்கு இதே ஹாலில் இருப்பேன். லேப்டாப்போ போனோ எடுத்து வாருங்கள், மென்பொருளைப் போட்டுத் தருகிறேன். வீட்டில் தமிழ் அகராதி இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். மாஸ்டர் பாஸ்வேர்டை நீங்களே தட்ட வேண்டும்; அந்த நேரத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன்.