வாசிக்கத் தடுமாறும் மாணவரும் பள்ளியின் கால அட்டவணையும்

(கொல்கத்தா பவானிபூரில் தமிழ் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தப் பவானிபூரில் ஒரு தெருவைக் கடப்பதற்குள் வங்காளி, இந்தி, குஜராத்தி, பஞ்சாபி என நான்கு மொழிகள் காதில் விழக்கூடும். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு ஐந்தாவதாகத் தமிழும் உண்டு. வீட்டில் ஒரு மொழி, விளையாட்டில் ஒரு மொழி, பாடநூலில் இன்னொரு மொழி என்ற நிலையில், எழுத்துக் கூட்டுவதில் குழந்தை தடுமாறுவதை மொழிக் குழப்பம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆயினும் ஒரே மொழி வழங்கும் சிற்றூர்களிலும் நிலைமை மேலானதன்று. கிராமப்புறக் குழந்தைகளைப் பற்றிய 'ஏசர்' ஆய்வு, ஐந்தாம் வகுப்பு மாணவருள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியோர் 2018-இல் நூற்றுக்கு 50.5 என்றும், பெருந்தொற்றுக்குப் பின் 2022-இல் 42.8 என்றும், 2024-இல் 48.8 என்றும் தெரிவிக்கிறது. இழந்ததில் பெரும்பகுதி மீண்டுள்ளது. மீண்ட பிறகும் பாதிக்கு மேற்பட்டோர் வாசிக்க இயலாதவரே.

எழுத்தின் இயல்பால் வரும் இடர்ப்பாட்டைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 'கெ' என்பதில் ஒலியளவில் பின்வரும் உயிருக்குரிய குறி, எழுத்தில் முன்னே நிற்கிறது. வங்காளியிலும் இத்தகைய குறிகள் உள்ளன. அவற்றுடன் கூட்டெழுத்துகளும் சேர்கின்றன. 1855-இல் ஈசுவர சந்திர வித்தியாசாகர் 'வர்ண பரிச்சய'த்தை வெளியிட்டபோது கூட்டெழுத்துகளை இரண்டாம் பகுதிக்கு ஒதுக்கி, எளியதிலிருந்து அரியதற்கு ஒரு படிவரிசை அமைத்தார். படிவரிசை நமக்குப் புதிதன்று. முதற்படியில் நிற்கும் குழந்தைக்காக வகுப்பு காத்திராது என்பதே சிக்கல். பாடத்திட்டம் நாட்காட்டியின்படி நகர்கிறது. ஆசிரியரும் 'பாடம் முடிந்ததா' என்றே கேட்கப்படுகிறார்.

இங்குதான் பொருளியல் மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் 'பால்சகி' என்ற திட்டத்தை நடத்தியது. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பதினைந்து இருபது குழந்தைகளை, அப்பகுதியிலேயே வாழும், பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண் ஒருவர் நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்திக் கற்பித்தார். அவருக்கு மாத ஊதியம் 500 முதல் 750 ரூபாய். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் இதனை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். தேர்வு மதிப்பெண் உயர்வு முதலாண்டில் 0.14 திட்ட விலக்கம், இரண்டாமாண்டில் 0.28. உயர்ந்தவர் யார் என்பதே முக்கியம். பால்சகியிடம் சென்ற பின்தங்கிய குழந்தைகளே அவர்கள். எஞ்சிய மாணவர்களுக்கு வகுப்பில் நெரிசல் குறைந்தது. ஆனால் அவர்களிடம் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. வகுப்பின் அளவைச் சுருக்கினாலே போதும் என்று வாதிடுவோர் இதற்கு விடை கூற வேண்டும். திட்டம் நின்று ஓராண்டு கழிந்ததும் பயனில் பெரும்பகுதி தேய்ந்து, ஏறத்தாழ 0.10 அளவே நிலைத்தது என்பதையும் மறைத்தல் தகாது.

அடுத்த வினா, அரசு ஆசிரியரால் இது இயலுமா என்பது. பீகாரில் 2008-இல் கோடை விடுமுறை முகாம்களில் அரசு ஆசிரியர்களே கற்பித்தபோது குழந்தைகளின் வாசிப்பு முன்னேறியது. அதே மாநிலத்தில், பள்ளி நாட்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கருவி நூல்களும் மட்டும் கொடுத்தபோது பயன் விளையவில்லை. ஆசிரியரின் திறமையில் குறை காண இடமில்லை. முகாமில் பாடத்திட்டம் இல்லை, வகுப்பறையில் இருந்தது, அவ்வளவே வேறுபாடு. அரியானாவில் 2012-13-இல் இதற்கு ஒரு வழி கண்டனர். நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, வகுப்பு எதுவாயினும் வாசிப்பு நிலைக்கேற்பக் குழந்தைகளைக் குழுவாக்கினர். மேற்பார்வை அலுவலர்கள் முதலில் தாங்களே சில நாட்கள் கற்பித்துப் பார்த்து, அதன் பின்னரே மேற்பார்வையிட்டனர். அங்கே மொழித்திறன் உயர்ந்தது. நம் அலுவலர்கள் இந்தக் கடைசி அம்சத்தை ஊன்றிக் கவனிப்பார்களாக. கற்பித்துப் பார்த்திராதவர் நிரப்பும் ஆய்வுப் படிவத்தில் வருகைப் பதிவும் சுண்ணாம்பு அடித்த செலவுமே இடம்பெறும்.

தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கிறது. பெயர்கள் அழகியவை, 'மக்கு' என்ற சொல்லைவிட எத்தனையோ மேல். எனினும் அரும்பாக வந்த குழந்தை ஆண்டு முழுதும் அரும்பாகவே இருந்தால் அந்த அழகால் பயனில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தையையும் ஒரு பத்தி வாசிக்கச் செய்து குழு மாற்ற வேண்டும். அதற்குக் குழந்தை ஒன்றுக்குச் சில நிமிடங்களே ஆகும்.

வெளிநாடுகளில் ஒரு குழந்தைக்கு ஓராசிரியர் என்ற முறை உண்டு. நியூசிலாந்தில் மேரி கிளே வகுத்த திட்டம் அதில் புகழ்பெற்றது. அமெரிக்காவில் அதன் நீண்டகால விளைவைத் தேடிய அண்மைய ஆய்வு, மூன்றாம் நான்காம் வகுப்புகளில் அக்குழந்தைகள் ஒப்புக் குழுவினரைவிடப் பின்தங்கியதாகக் கண்டது. செலவு மிகுந்தது என்பதற்காக ஒரு முறை சிறந்ததாகிவிடாது.

இந்த மாநிலத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். அமர்த்தியா சென் நிறுவிய பிரதீசி அறக்கட்டளை 2002-இல் வெளியிட்ட தொடக்கக் கல்வி அறிக்கை, வங்காளத்தில் சிறு குழந்தைகளும் தனிப்பயிற்சியை எந்த அளவுக்கு நம்பியுள்ளனர் என்பதைக் காட்டியது. எனவே தடுமாறும் மாணவருக்குக் கூடுதல் உதவி என்பது இங்கே ஏற்கெனவே நடக்கிறது. அதன் செலவைப் பெற்றோர் ஏற்கின்றனர். பணமுள்ளவர் வாங்குகிறார், வீட்டுவேலை செய்யும் தாய் வாங்க இயலாமல் நிற்கிறார். காலை பத்து மணிக்குப் பள்ளியில் தர வேண்டியது மாலை ஆறு மணிக்கு விலைக்கு வருகிறது.

2021 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய 'நிபுண் பாரத்', மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து வாசிக்க வேண்டும் என்று 2026-27-ஐ இலக்காண்டாக வைத்தது. நான்கிலும் ஐந்திலும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அந்த இலக்கின் எல்லையைத் தாண்டிவிட்டவர்கள். ஆறாம் வகுப்பில் அறிவியலும் வரலாறும் தனித்தனி நூல்களாக அவர்கள் கைக்கு வரும். அதற்கு முன் இருக்கிற ஓரிரு ஆண்டுகளில் அவர்களுக்கென நாளுக்கு ஒரு மணி நேரத்தை எந்தப் பாடவேளையிலிருந்து எடுப்பது என்பதைத் தலைமையாசிரியரும் கல்வி அலுவலரும் ஒரே மேசையில் அமர்ந்து, கால அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு, ஜூன் மாதத்திலேயே முடிவு செய்ய வேண்டும்.