எங்கே நின்றது என்று பாருங்கள்



1990களில் லினக்ஸ் பயன்படுத்தியவர்களுக்கு லிலோ என்ற நிரல் நினைவிருக்கும். கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் எல், ஐ, எல், ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகள் வரும். நான்கும் வந்துவிட்டால் கவலையில்லை, லினக்ஸ் கிளம்பிவிடும். சில நாள் 'எல்' மட்டும் வந்து, பக்கத்தில் எண்களாக ஓடும். சில நாள் 'எல், ஐ' என்று பாதியிலேயே நின்றுவிடும். பார்க்கிறவருக்கு அது கணினி செத்துப்போனது போலத்தான் தெரியும். ஆனால் லிலோவை எழுதிய வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொருள் வைத்திருந்தார். முதல் 'எல்' வந்தால், நிரலின் முதல் பகுதி ஓடத் தொடங்கிவிட்டது. 'ஐ' வந்தால், இரண்டாம் பகுதியும் நினைவகத்தில் ஏறிவிட்டது. அங்கேயே நின்றால், ஏறியதை இயக்க முடியவில்லை. மூன்றாம் எழுத்தில் நின்றால், இரண்டாம் பகுதி ஓடுகிறது, ஆனால் வட்டில் எது எங்கே என்ற குறிப்பை அதனால் படிக்க முடியவில்லை.

லிலோவை இன்று யாரும் தேடுவதில்லை. ஆனால் புதிதாகப் போட்ட இயங்குதளம் கிளம்ப மறுத்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இன்றைக்கும் அதேதான்: எங்கே நின்றது?

பட்டனை அழுத்தியதிலிருந்து முகப்புத் திரை வரும்வரை நடப்பது ஒரு தொடர் ஓட்டம். மதர்போர்டில் இருக்கும் பயாஸ் முதலில் ஓடுகிறது. அது கோலைக் கொடுப்பது பூட்லோடர் கையில். பூட்லோடர் இயங்குதளத்தின் கர்னலைத் தேடி எடுத்து, நினைவகத்தில் ஏற்றி, கோலை அதனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பழைய முறையில் பயாஸ் வட்டின் முதல் 512 பைட்டை மட்டும்தான் படிக்கும். அதிலும் 64 பைட் பார்ட்டிஷன் பட்டியலுக்கு, 2 பைட் அடையாளக் குறிக்கு. மீதி 446 பைட்டில்தான் பூட்லோடர் தன் வேலையைத் தொடங்க வேண்டும். யூனிகோட் தமிழில் எழுதினால் இரண்டு மூன்று வரியிலேயே அந்த இடம் தீர்ந்துவிடும். அவ்வளவு குறுகிய இடத்திலிருந்து ஒரு முழு இயங்குதளத்தைத் தேடிப்போகிற வேலை இது. வழியில் ஒரு எண் மாறினாலும் பூட்லோடர் தடுமாறிவிடும் என்பதில் வியப்பில்லை.

இன்று லினக்ஸ் கணினிகளில் லிலோவின் இடத்தில் பெரும்பாலும் இருப்பது கிரப் என்ற பூட்லோடர். அதன் பிறப்பே இப்படி ஒரு சிக்கலில்தான். 1995இல் எரிக் போலின் என்பவர், க்னூ ஹர்ட் என்ற புதிய இயங்குதளத்தைக் கிளப்பப் பார்த்தார். அன்றைக்கு ஒவ்வொரு இயங்குதளமும் தனக்கென்று ஒரு பூட்லோடர் வைத்திருந்தது. ஒன்றின் வழி மற்றொன்றுக்கு ஒத்துவராது. அந்தக் கூட்டத்தில் இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம் என்று அவரும் பிரயன் ஃபோர்டும் சேர்ந்து ஒரு பொதுவிதியை வகுத்தார்கள். ஃப்ரீபிஎஸ்டியின் பூட்லோடரை அதற்கேற்றபடி திருத்த முயன்ற போலின், திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவதே சுலபம் என்று கண்டு எழுதியதுதான் கிரப்.

இனி அந்த கிரப்பே நின்றுபோன ஒரு சம்பவம். தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குத் தந்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒன்றாகப் போட்டே வந்தன. அப்படிப்பட்ட ஒரு மடிக்கணினியில் எனக்குத் தெரிந்த மாணவி ஒருவர் உபுண்டுவையும் போட்டுக்கொண்டார். நன்றாகத்தான் ஓடியது. பிறகு, இடம் போதவில்லை என்று பாஸ் இருந்த பார்ட்டிஷனை விண்டோஸிலிருந்தே அழித்தார். மறுமுறை கணினியைப் போட்டபோது 'அப்படியொரு பார்ட்டிஷன் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்று இன்னொரு வரி. அவ்வளவுதான். விண்டோஸும் வரவில்லை, உபுண்டுவும் வரவில்லை. இறுதியாண்டு ப்ராஜெக்ட் அதற்குள்தான் இருந்தது.

அந்தத் திரை பயமுறுத்தும். ஆனால் 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்தாலே கிரப்பின் முதல் பகுதி உயிரோடு இருக்கிறது, நாம் தட்டச்சு செய்வதைக் கேட்கத் தயாராக இருக்கிறது என்று பொருள். எல், எஸ் என்ற இரண்டு எழுத்தைத் தட்டி என்டரை அழுத்தினால், தனக்குத் தெரிந்த வட்டுகளையும் பார்ட்டிஷன்களையும் அது வரிசையாகச் சொல்லும். ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். விண்டோஸ் பார்ட்டிஷனைக் கேட்டால் 'தெரியாத கோப்பமைப்பு' என்று சொல்லும். அந்த நிலையில் அதற்கு விண்டோஸின் முறையைப் படிக்கத் தெரியாது, பதற வேண்டாம். அவருடைய கணினியில் 6ஆம் பார்ட்டிஷனைக் கேட்டபோது 'பூட்', 'ஹோம்', 'யூஎஸ்ஆர்' என்று கோப்புறைகள் வரிசையாக வந்தன. உபுண்டு அங்கேதான், முழுசாக இருந்தது. முன்பு 7ஆக இருந்தது, நடுவில் ஒன்று போனதும் 6 ஆகிவிட்டது. கிரப் மட்டும் பழைய 7ஐயே தேடிக்கொண்டிருந்தது. 'செட்' என்ற கட்டளையால் புதிய இடத்தைச் சொல்லி, 'நார்மல்' என்ற பகுதியை ஏற்றி இயக்கச் சொன்னதும் பழைய பட்டியல் திரைக்கு வந்துவிட்டது. உபுண்டுவுக்குள் போனவுடன் கிரப்பை வட்டில் மறுபடி நிறுவினார். அதைச் செய்யாவிட்டால் அடுத்த முறையும் அதே கறுப்புத் திரைதான்.

இன்றைய கணினிகள் பழைய பயாஸை விட்டு யுஇஎஃப்ஐ முறைக்கு வந்துவிட்டன. பூட்லோடர்கள் இப்போது தனியான ஒரு சின்ன பார்ட்டிஷனில் சாதாரணக் கோப்புகளாக இருக்கின்றன; எதை முதலில் அழைக்க வேண்டும் என்ற பட்டியலை மதர்போர்டு வைத்திருக்கிறது. இங்கே வேறு மாதிரிச் சிக்கல். லினக்ஸை நிறுவி முடித்தும், எதுவுமே நடக்காதது போல விண்டோஸ் நேராக வந்து நிற்கும். பூட் மெனுவைத் திறந்து பார்த்தால் புதியதன் பெயர் இரண்டாவதாக இருக்கலாம்; முதலுக்கு நகர்த்தினால் போதும். பெயரே இல்லையென்றால், பழைய முறையில் நிறுவிவிட்டோமா என்று சந்தேகப்பட வேண்டும். நிறுவுகிற பென் டிரைவ் அந்த மெனுவில் இரண்டு முறை தெரிவதுண்டு, ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருக்கும். விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ அதே முறையில்தான் லினக்ஸையும் ஏற்ற வேண்டும். விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'பயாஸ் மோட்' என்ற வரி அதைச் சொல்லிவிடும்.

அடுத்தது செக்யூர் பூட். கையொப்பமில்லாத பூட்லோடரை இது உள்ளே விடாது. நல்ல காவல்தான். ஆனால் 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பாதுகாப்புக் குறையுள்ள பழைய பூட்லோடர்களைத் தடை செய்தபோது, இரண்டு இயங்குதளமும் வைத்திருந்த பலருடைய லினக்ஸ் கிளம்பாமல் போனது. லினக்ஸில் எந்தக் கோளாறும் இல்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் போய்ச் சரிசெய்து, மறுபடி போட்டுக்கொண்டார்கள்.

சில சமயம் பூட்லோடர் தன் வேலையை முடித்த பிறகும் திரை நிற்கும். எழுத்துகள் மளமளவென்று ஓடி, 'கர்னல் பேனிக்' என்று நின்றால் கோல் கைமாறிவிட்டது. கிரப்பைத் திரும்பத் திரும்ப நிறுவிப் பயனில்லை. கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் பழைய கர்னல் இருக்கும். அதில் கிளம்பினால், புதிய கர்னலோடு வர வேண்டிய தொடக்கக் கோப்புதான் சரியாக உருவாகவில்லை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் எல்லோராலும் செய்ய முடியாதுதான். கடைக்கு எடுத்துப் போகிறோம். அங்கே எடுத்த எடுப்பில் "ஃபார்மட் போட்டுடலாம்" என்கிறார்கள், நாமும் தலையாட்டுகிறோம். குழந்தையின் முதல் பிறந்தநாள் படமும், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேனும் அதோடு போய்விடுகின்றன. நான் மேலே சொன்ன கோளாறுகளில் பெரும்பாலும் நம் கோப்புகள் அழிந்திருக்காது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன். திரையில் நின்ற வரியை முதலில் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லைவ் பென் டிரைவில் கணினியைக் கிளப்பி, கோப்புகளை வேறொரு வட்டுக்கு எடுத்த பிறகுதான் மற்ற வேலை என்று கேட்டு வாங்குங்கள். வட்டில் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதற்குரிய 48 இலக்க மீட்பு எண் கையில் இருக்க வேண்டும். செக்யூர் பூட்டை மாற்றியதும் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கக்கூடும். அதைப் புதிய இயங்குதளத்தை நிறுவுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.