நோட்டைப் போல எங்கேயும் திறக்கணும்

(கத்திவாக்கத்தில் நடந்த கூட்டமைப்பின் பயிற்சி நாளில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையில மீன் வித்துட்டு வீட்டுக்குக்கூடப் போகாம நேரா வந்த அக்காமாருங்க இங்க இருக்கீங்க. மீஞ்சூர் பக்கத்துக் கிராமங்கள்ல இருந்து பஸ் மாறி வந்தவங்களும் இருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றேன். இன்னைக்கு நான் பேசப் போறது பென் டிரைவ் பற்றி. "இதுக்கா எங்களைக் கூப்பிட்டீங்க?"ன்னு சிலர் முகத்துல தெரியுது. அஞ்சு நிமிஷம் பொறுங்க.

அன்று நடந்தது

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து வந்து, கொசஸ்தலை ஆத்துலயும் எண்ணூர் முகத்துவாரத்துலயும் பரவினதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வலை போச்சு, படகு கறுத்துப் போச்சு, மீனை வாங்க ஆளில்லை. கடன் தவணைக்கு அவகாசம் கேட்கணும்னு நம்ம குழுக்கள் தீர்மானம் போட்டோம். ஒரு அலுவலகத்துல பத்து நிமிஷம் நேரம் கொடுத்தாங்க. உங்க செல்போன்ல நீங்களே எடுத்த படங்களை வச்சு பன்னிரண்டு ஸ்லைடு தயார் பண்ணினோம். எந்தப் படத்துக்கு யார் பேசறதுன்னு ரெண்டு சாயங்காலம் உட்கார்ந்து பழகினோம்.

அங்க போனா, அந்தக் கணினியில ஸ்லைடு காட்டுற மென்பொருளே இல்லை. புதுசா ஏத்தலாமான்னு கேட்டோம். "அதுக்குப் பாஸ்வேர்டு வேணும், எங்ககிட்ட இல்லை"ன்னாங்க. இன்னொரு கணினியைத் தேடிப் பிடிச்சோம். ஸ்லைடு திறந்தது. ஆனா தமிழ் எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா கலந்து கட்டி வந்தது. எட்டு நிமிஷம் இதுலயே போயிடுச்சு. மீதி ரெண்டு நிமிஷத்துல ஒரு அக்கா எழுந்து, கையில இருந்த தீர்மான நோட்டைப் பிரிச்சு வாசிச்சாங்க. மத்தவங்க பழகினது பழகினதாவே நின்னுபோச்சு.

திரும்பி வரும்போது பஸ்ஸுல யாரும் பேசலை. "நமக்கு இதெல்லாம் சரிப்படாதுங்க மேடம்"னு ஒருத்தர் சொன்னதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது. தப்பு அவங்களோடது இல்லை. முன்னாடியே யோசிக்காத என்னோடது.

ஏன் அப்படி ஆனது?

1989-ல் தருமபுரியில நம்ம மாநிலத்தோட முதல் மகளிர் குழுக்கள் தொடங்கின காலத்துல இருந்து குழுவோட பலம் நோட்டுதான். தீர்மான நோட்டு, வரவு செலவு நோட்டு, பேரேடு. எந்த அலுவலகத்துக்கு எடுத்துட்டுப் போனாலும் பிரிச்ச உடனே தெரியும். யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஸ்லைடு அப்படி இல்லை. அது கேசட் மாதிரி. கேசட் மட்டும் கையில இருந்தா பாட்டு வராது, டேப் ரிக்கார்டரும் வேணும். அன்னைக்கு நாம வெறும் கேசட்டை எடுத்துட்டுப் போனோம். டேப் ரிக்கார்டர் அங்க இருக்கும்னு நம்பினோம். இனிமே ரெண்டையும் ஒரே பென் டிரைவுல நாமே எடுத்துட்டுப் போகலாம்.

பென் டிரைவில் என்ன போடணும்?

லிப்ரே ஆபிஸ்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. காசு கட்ட வேண்டாம், திருட்டுப் பிரதியும் இல்லை. அதுல ஸ்லைடு போடுற பகுதிக்கு இம்ப்ரஸ்னு பேர். இதையே பென் டிரைவுல இருந்து நேரா ஓடுற மாதிரி 'லிப்ரே ஆபிஸ் போர்ட்டபிள்'னு தர்றாங்க. போர்ட்டபிள்ஆப்ஸ் டாட் காம்ல கிடைக்கும். எல்லா மொழியும் உள்ள தொகுப்பை எடுத்தா, பட்டியல்களைக்கூடத் தமிழ்ல பார்க்கலாம்.

செய்முறையைக் குறிச்சுக்குங்க.

1. கொஞ்சம் பெரிய பென் டிரைவா, 16 ஜிபி அளவுல ஒண்ணு குழுவுக்குன்னு தனியா வாங்குங்க. பாட்டு, சினிமா எதுவும் அதுல வேண்டாம்.

2. இணைய வசதி உள்ள இடத்துல அந்தத் தொகுப்பை இறக்குங்க. ஓட விட்டா எங்க வைக்கணும்னு கேட்கும். பென் டிரைவைக் காட்டுங்க. இந்த வேலை ஒரு தடவைதான்.

3. உங்க ஸ்லைடு கோப்பையும் அதே பென் டிரைவுல போடுங்க. வீடியோ இருந்தா ஸ்லைடு இருக்கிற அதே ஃபோல்டருக்குள்ள வச்சுட்டு, அங்க இருந்து சேருங்க. இல்லைன்னா போற இடத்துல வீடியோ மட்டும் காணாமப் போகும்.

4. போன இடத்துல பென் டிரைவைச் செருகி, லிப்ரே ஆபிஸ் போர்ட்டபிள் ஃபோல்டரைத் திறந்து, முதல்ல இம்ப்ரஸைத் தட்டுங்க. அது திறந்த பிறகு அதுக்குள்ள இருந்து உங்க கோப்பைத் திறங்க. நேரா கோப்பைத் தட்டினா திறக்காது. பென் டிரைவுல மென்பொருள் இருக்கிறது அந்தக் கணினிக்குத் தெரியாது. நிறைய பேர் ஏமாறுற இடம் இதுதான்.

5. எஃப்5 அழுத்தினா காட்சி தொடங்கும். அம்புக்குறியால அடுத்த ஸ்லைடுக்குப் போகலாம். எஸ்கேப் அழுத்தினா முடியும். நடுவுல ஆங்கில 'பி' பொத்தானை அழுத்தினா திரை கறுப்பாகும். அப்போ எல்லார் கண்ணும் உங்க மேல வரும். சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு இன்னொரு தடவை தட்டுங்க.

6. முடிஞ்சதும் இம்ப்ரஸை மூடிட்டு, பாதுகாப்பா வெளியே எடுக்கிற கட்டளையைக் கொடுத்த பிறகே பென் டிரைவை உருவுங்க. மென்பொருளே அதுல இருந்துதான் ஓடுது, சட்டுன்னு பிடுங்கக் கூடாது.

பென் டிரைவுல இருந்து ஓடுறதால முதல்ல திறக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். பயப்படாதீங்க, கூட்டம் தொடங்கும் முன்னாடியே திறந்து வச்சுடுங்க. இன்னொண்ணு, இது விண்டோஸ் கணினிக்கானது. லிப்ரே ஆபிஸ் 25.8 பதிப்புல இருந்து விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தாத்தான் ஓடும். விண்டோஸ் 7 வச்சிருக்கிற பழைய கணினிகள் இன்னும் பல இடத்துல இருக்கு, அங்க புதுப் பதிப்பு திறக்காது. அதனாலதான் பின்னாடி ஒரு மாற்று வழி சொல்லப் போறேன்.

மைக்ரோசாப்ட் முன்னாடி 'பவர்பாயின்ட் வியூவர்'னு இலவசமா கொடுத்தாங்க. அதை 2018-ல் நிறுத்திட்டாங்க. பழைய குறிப்பைப் பார்த்து அதைத் தேடி அலையாதீங்க.

தமிழ் எழுத்து ஏன் குழம்புது?

பழைய எழுத்துருக்கள்ல நம்ம தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்தோட இடத்துல உட்கார வச்சிருப்பாங்க. அந்த எழுத்துரு உள்ள கணினியில தமிழாத் தெரியும். இல்லாத கணினியில உள்ளே இருக்கிற ஆங்கிலம் வெளியே வந்துடும். அன்னைக்கு நடந்தது இதுதான். டி.டி.பி. கடையில அடிச்சுக் கொடுத்தது பழைய எழுத்துரு, நான் கவனிக்கலை.

யுனிகோடு முறையில தமிழுக்குன்னு சொந்த இடம் இருக்கு. 2010-ல் தமிழ்நாடு அரசும் அதைத் தரமா ஏத்துக்கிட்டது. செல்போன்ல நீங்க அடிக்கிற தமிழ் யுனிகோடுதான். கடையில கொடுக்கும்போது "யுனிகோடுல அடிச்சுக் கொடுங்க"ன்னு கேட்டு வாங்குங்க. இம்ப்ரஸ்ல கோப்பின் பண்புகள் பகுதியில எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே சேர்க்கிற வசதியும் இருக்கு. அதையும் போட்டுடுங்க.

கையில் இருக்க வேண்டிய மாற்று

ஒரே வழியை நம்பி வலை வீசறது இல்லையே? இங்கேயும் அப்படித்தான்.

முதல் மாற்று பிடிஎஃப். இம்ப்ரஸ்லயே ஸ்லைடை பிடிஎஃப் ஆக மாத்தலாம். எழுத்துரு அதுக்குள்ளேயே போயிடும், தமிழ் மாறாது. இணையம் பார்க்கிற குரோம், எட்ஜ் போதும், திறந்துடும். வீடியோவும் அசைவும் மட்டும் வராது.

ரெண்டாவது, ஒவ்வொரு ஸ்லைடையும் தனித்தனிப் படமா, ஜேபெக்கா வச்சுக்கறது. கணினியே இல்லாத கூடத்துல டிவி இருக்கும். பின்னாடி பென் டிரைவ் செருகுற இடம் இருந்தா பெரும்பாலும் படம் காட்டிடும். படங்களுக்கு 01, 02, 03-ன்னு பேர் வைங்க. வெறும் 1, 2-ன்னு வச்சா சில டிவியில ஒண்ணுக்கு அப்புறம் பத்து வந்து நிக்கும்.

மூணாவது, காகிதம். முக்கியமான ரெண்டு பக்கத்தை அச்செடுத்து நோட்டுக்குள்ள வைங்க. அன்னைக்கு நம்மைக் காப்பாத்தினது அந்த நோட்டுதான், மறந்துடாதீங்க.

இதையும் கவனியுங்கள்

வங்கியிலயும் பல அரசு அலுவலகத்துலயும் வெளியாளோட பென் டிரைவைச் செருக விட மாட்டாங்க. அதுல நியாயமும் இருக்கு, வைரஸ் பரவும். அதனால முந்தின நாளே போன் போட்டு மூணு கேள்வி கேளுங்க: பென் டிரைவ் போடலாமா? கணினியில என்ன விண்டோஸ்? திரை இருக்கா, டிவி இருக்கா? கூச்சப்படாம கேளுங்க, பதில் சொல்லுவாங்க.

நம்ம பென் டிரைவ் வெளியே போய் வந்தா, திறக்கும் முன்னாடி வைரஸ் சோதனை பண்ணுங்க. உறுப்பினர்களோட ஆதார் நகல், பாஸ்புக் படம் எதையும் இந்த பென் டிரைவுல வைக்கவே கூடாது. ஊரான் கணினியில செருகப் போற பொருளுக்குள்ள அடுத்தவங்க சொத்தை வைக்கலாமா? ஸ்லைடுக்கு இன்னொரு பிரதி வேற இடத்துல இருக்கட்டும்.

கடைசியா ஒண்ணு. "என் பொண்ணு பார்த்துக்குவா, பையன் பார்த்துக்குவான்"னு விட்டுடாதீங்க. கூட்டம் நடக்கிற அன்னைக்கு அவங்களுக்குப் பரீட்சை இருக்கும், வேலை இருக்கும். ஊக்குநர், பிரதிநிதி மாதிரி, குழுவுக்கு ரெண்டு பேர் இதைக் கத்துக்கணும். நாலு தடவை செருகி, திறந்து, காட்டிப் பழகினா கை தானா வரும். மீன் அரியக் கத்துக்கிட்ட கைக்கு இது பெரிய வித்தையே இல்லை.

போன தடவை வேற ஒரு கூட்டத்துக்குப் போனோம். அங்கேயும் கணினியில ஒண்ணுமில்லை. நம்ம பென் டிரைவைச் செருகினது ஒரு அக்கா, திறந்தது அவங்க, எஃப்5 தட்டினதும் அவங்கதான். ஒதுக்கின நேரம் முழுக்க நம்ம பெண்களே பேசினாங்க. கேட்டது எல்லாம் கிடைச்சிடலை, அது வேற விஷயம். ஆனா திரும்பி வரும்போது பஸ்ஸுல ஒரே சத்தம்.

சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்னு சொல்லுவாங்க. நம்ம சட்டியை நாமே எடுத்துட்டுப் போவோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு பென் டிரைவோட வாங்க, உட்கார்ந்து சேர்ந்தே போட்டுடலாம்.