உள்ளூராட்சி மன்றங்களும் அயலவர் உறவும்





சமாதானம் என்றதும் நமது சிந்தனை ஒப்பந்தங்களையும் பாராளுமன்றத்தையும் நோக்கியே செல்கின்றது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிவடைந்தது. ஆயினும் பிரிந்திருந்த அயலவர்கள் மீண்டும் ஒரே வீதியில் வாழத் தொடங்குகையில் எழும் கேள்விகள் கொழும்பில் தீர்க்கப்படுவன அல்ல. வடிகான் எவ்வழியாகச் செல்வது, சந்தைக் கடை எவருக்கு வழங்கப்படுவது, எந்த ஒழுங்கையில் முதலில் தெருவிளக்கு எரிவது ஆகியன பிரதேச சபையிலும் நகர சபையிலுமே தீர்மானிக்கப்படுகின்றன.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கும் அதிகமான முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள் மாத்திரமே. பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். பல்லாண்டுகளின் பின்னர் திரும்பியோரை யாழ்ப்பாணத்தில் இடிந்த சுவர்களும், மன்னார் முசலியில் காடு மண்டிய காணிகளும் எதிர்கொண்டன. உறுதியைத் தொலைத்தவருக்கு மாநகர சபையின் பழைய சோலைவரிப் பதிவு ஒரு துணை ஆதாரமாகலாம். வீட்டைக் கட்டியெழுப்புவதற்குச் சபையின் அனுமதி தேவை. அந்த மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர், திரும்பி வந்தவரை ஊரவராக நோக்குகின்றாரா, அந்நியராக நோக்குகின்றாரா என்பதிலேயே அவருக்குச் சமாதானம் கிடைத்ததா இல்லையா என்பது தெரியவரும். (காணி அனுமதிப்பத்திரம் பிரதேச செயலகத்தின் விடயமாகும், பிரதேச சபையினுடையதன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான வாசலில் காத்து நிற்போர் நம்மில் அநேகர்.)

தமிழ்ச் சகோதரர்களின் காயத்தையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். 1981 ஜூன் முதலாம் திகதியன்று எரிந்து சாம்பலான யாழ்ப்பாணப் பொது நூலகம் அம்மாநகர சபையின் சொத்தாகும். அங்கு அழிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள்.

நேயர்களே! வடக்கில் நாம் சிறுபான்மையினர்; ஆகவே நீதியைக் கேட்கின்றோம். கிழக்கில் நாம் பெரும்பான்மையாக உள்ள சபைகளில் அதே நீதியைக் கொடுக்கின்றோமா? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறுவதற்குக் காரணமாகிவிடலாகாது என்பதே ஸூரா அல்மாயிதாவின் எட்டாம் வசனம் தரும் கட்டளை. நமது வட்டாரத்துக் குப்பையை அகற்றும் உழவு இயந்திரம் அடுத்திருக்கும் தமிழ்க் கிராமத்திற்கும் அதே நாளில் செல்கின்றதா என்று நமது உறுப்பினரிடம் நாமே வினவுதல் வேண்டும். கல்முனையில் எல்லைப் பிரச்சினை பல்லாண்டுகளாக உறவுகளைக் கசக்கச் செய்துள்ளது. 2025 மே 6ஆம் திகதி 339 மன்றங்களுக்குத் தேர்தல் நடைபெற்றபோதும், வழக்கின் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு நடைபெறவில்லை.

அதற்கு முன்னரோ, 2023 மார்ச் மாதத்தில் பதவிக்காலம் முடிவடைந்த பின்னர் ஈராண்டுகளுக்கும் மேலாக நாடெங்கும் மக்கள் பிரதிநிதிகளின்றி அதிகாரிகளே சபைகளை நடத்தினர். தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்ட் மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்காலத்தில் வடிகான் பற்றி முறையிடுவதற்குக்கூட வட்டார உறுப்பினர் ஒருவர் இருக்கவில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக்கொள்ள இடமளிக்கின்றது. இது பலரும் அறியாத வாசல். சுற்றாடல் குழுவொன்றில் பள்ளிவாசல் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவரும் கோயில் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவரும் அருகருகே அமர்ந்து, மையவாடிக்கும் மயானத்திற்கும் செல்லும் பாதைகளைப் பற்றிப் பேசினால், மேடைகளில் நாம் நடத்தும் நல்லிணக்க விழாக்கள் பலவற்றை விட அது பயனளிக்கும் என்பது எனது கருத்து.

இளைஞர்களே! சபை உறுப்பினரைத் தொழில் கேட்பதற்காக மாத்திரம் சந்திக்காதீர்கள். பெற்றோர்களே! அரசியல் அசுத்தம் எனக் கூறிப் பிள்ளைகளைத் தடுத்துவிடாதீர்கள். அடுத்த வருடத்திற்கான வரவு செலவுத் திட்டத்தைச் சபை விவாதிக்கும் நாளை விசாரித்து அறிந்து, அயலிலுள்ள தமிழ் இளைஞரையும் அழைத்துக்கொண்டு சென்று, உங்கள் இரு ஒழுங்கைகளுக்கும் ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு என்று கேளுங்கள்.